கோணல் சுவருக்குள் நேரான அலமாரி

செட்டிநாட்டுப் பக்கம் 'வீடு' என்றால் அறை என்றும் அர்த்தம். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை கொண்ட ரெட்டை வீடுகளில், மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒன்றை ஒதுக்கிக் கொடுப்பார்கள். அதில் உள் வீடு பெரும்பாலும் சாமான் போட்டு அடைத்த இருட்டறைதான். காரைக்குடியில் எங்கள் பங்குக்கு வந்த உள் வீட்டைக் காலி செய்து உடை மாற்றும் அறையாக்கி, சுவரோடு சுவராக அலமாரி அடித்தோம். நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஐந்தரை அடி, அவ்வளவுதான் இடம்.

முதலில் டேப்பை எடுக்காதீர்கள், துணிகளை எடுத்துக் கட்டிலில் போடுங்கள். தொங்க வேண்டியது எது, மடித்து வைப்பது எது என்று பிரித்தால் பாதி வேலை முடிந்தது. சட்டைக்குக் கம்பியிலிருந்து கீழே மூன்றரை அடி வேண்டும், ஹேங்கரில் மடித்துப் போட்ட சேலைக்கு மூன்றடி போதும், வேட்டி துண்டுக்கெல்லாம் ஓரடி உயரத் தட்டே தாராளம். பட்டுச் சேலையைத் தொங்க விட வேண்டாம், வேட்டித் துணியில் சுற்றித் தட்டில் வையுங்கள்.

இனி அளவு. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவது. பழைய சுண்ணாம்புச் சுவர் பார்க்க வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும், தூக்குக்குண்டைப் பிடித்தால்தான் வண்டவாளம் தெரியும். எங்கள் அறையில் தரையில் 82½ அங்குலம், இடுப்பு உயரத்தில் 83, மேலே 84. "சுவருக்குத் தொந்தி விழுந்திருக்கு தம்பி" என்று ஆசாரி சிரித்தார். மூன்று உயரத்தில் அளந்து, இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து, அதிலும் ஒன்றரை அங்குலம் கழித்துவிடுங்கள். எனக்கு 81 வந்தது, ஆளுக்கு 27 அங்குலமாக மூன்று பெட்டி.

பிளைவுட் 18 எம்எம், ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்) முத்திரை பார்த்து வாங்கினேன், முதுகுக்கு 6 எம்எம் போதும். ஆழம் 22 அங்குலம் என்று வையுங்கள். எட்டுக்கு நாலு ஷீட்டில் 22 அங்குலப் பட்டை இரண்டு அறுத்தால், ரம்பம் தின்றது போக மூன்றே முக்கால் அங்குலம் மிஞ்சும், அது அப்படியே பெட்டிக்குக் கீழே முன்பக்கம் கால்களை மறைக்கும் அடிப்பலகைக்கு ஆகிவிடும். 24 என்று கேட்டால் மிச்சமும் இல்லை, ரம்பத்துக்கு இடமும் இல்லை. தட்டை மூன்றடிக்கு மேல் நீளமாக விடாதீர்கள், துணி பாரத்தில் தொய்ந்துவிடும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று வளவை ஒட்டிய தாழ்வாரமான பத்தியில் வைத்து முதல் பெட்டியை முழுசாகக் கோத்துவிட்டேன். ஏழடிப் பெட்டி, உள் வீட்டு நிலையோ ஐந்தரை அடி உயரம்தான். படுக்க வைத்து நுழைத்தால் ஐந்தரை அடி போனதும் எதிர்ச் சுவரில் முட்டி நின்றது. திரும்ப ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினேன். பலகையாக உள்ளே கொண்டுபோய், நின்ற வாக்கிலேயே கோத்துவிடுங்கள், பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். இரண்டு அங்குல ஸ்க்ரூ, முன்னதாகச் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டால் ஓரம் பிளக்காது.

தரையில் ஆத்தங்குடிக் கல் என்றால் அதில் துளை போடவே போடாதீர்கள். உயரம் கூட்டிக் குறைக்கும் பிவிசி கால் கிடைக்கிறது, அதை மாட்டி ரசமட்டம் வைத்துத் திருகினால் தரைக் கோணல் அதிலேயே சரியாகும், பலகையும் தரையைத் தொடாது. பின்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் அங்குலம் விடுங்கள். மூன்று பெட்டியையும் ஒன்றோடொன்று முடுக்கிவிட்டு, மேலே மட்டும் இரண்டு இடத்தில், நடுவே ஒரு கட்டை கொடுத்துச் சுவரில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் டிராயர்களை ஒன்றாக இழுக்கும்போது முன்னால் சாயும். பூச்சில் மட்டும் நிற்கிற பிளக் பிடிக்காது, செங்கல் வரை போகிற நீள ஸ்க்ரூ வேண்டும். துளை போடும் இடத்தில் டேப் ஒட்டி, டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டுப் போட்டால் பூச்சு பெயராது.

அப்புறம் இரண்டு பக்கமும் தெரிகிற சந்து. இரண்டரை அங்குலத் தேக்குப் பட்டையைச் செங்குத்தாகச் சுவரில் லேசாகத் தொடும்படி பிடியுங்கள். அதிக இடைவெளி எங்கேயோ அந்த அளவுக்கு ஒரு சின்னக் கட்டை எடுத்து, அதில் பென்சிலை ஒட்டிப் பிடித்து, கட்டை சுவரை விட்டு விலகாமல் மேலிருந்து கீழே இழுத்தால் சுவரின் நெளிவு அப்படியே பட்டையில் கோடாக விழும். கோட்டுக்கு வெளியே அறுத்து, மீதியை இழைப்புளியால் இழைத்தால் சந்தில் சீட்டுக்கட்டுக் காகிதம்கூட நுழையாது. இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை.

கதவு வைக்கவில்லை. அலமாரி போக நிற்க 43 அங்குலம்தான் மிச்சம், அதில் கதவு வேறு திறந்தால் மூச்சு முட்டும், ஸ்லைடிங் போட்டால் ஆழத்தில் மூன்று அங்குலம் போய்விடும். ஆத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று, அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டது, நைந்த முந்தியை வெட்டிவிட்டுத் திரையாகத் தைத்துவிட்டோம். கரையான் பயம் மட்டும் உண்டு, அதனால் அடிப்பலகையை ஆணி அடிக்காமல் கிளிப்பில்தான் மாட்டியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை கழற்றி, டார்ச் அடித்துச் சுவரோரம் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டிவிடுவேன்.