பழைய காரின் ஏசி கம்ப்ரசரை மாற்றும் முறை

புதுச்சேரியில் பழைய அம்பாசிடரோ கான்டெசாவோ வைத்திருப்பவர்கள், குளிர் குறைந்தவுடன் குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுழலவிடும் கம்ப்ரசரைச் சந்தேகிக்கும் முன்பு, நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவி, கடற்காற்றின் உப்பு அரித்த, வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரிலும் குழாய் இணைப்புகளிலும் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கம்ப்ரசரே பழுதென்று உறுதியானால், கனமான பழைய வகையைச் செப்பனிடுவதைவிட, சான்டென் நிறுவனத்தின் கம்ப்ரசர் போன்ற கச்சிதமான, அதிர்வு குறைந்த வகைக்கு மாறுவதே மேல் என்பது என் கருத்து. ஆனால் கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட் சற்றே விலகிப் புல்லிகள் நேர்கோட்டில் அமையாவிட்டால் பெல்ட் விரைவில் தேய்ந்துவிடும்.

மீதமுள்ள வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், மீட்புக் கருவி உள்ள பட்டறையில் எடுக்கச் செய்யுங்கள். 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியாகக் கைவிடப்பட்ட ஆர்-12 வாயுவுக்குரிய கனிம மசகு எண்ணெய், இன்று நிரப்பப்படும் ஆர்-134ஏ வாயுவுடன் கலப்பதில்லை. ஆகவே அதை முழுவதும் கழுவி நீக்கி, கம்ப்ரசர் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள எண்ணெயை அளந்து ஊற்றி, இணைப்புகளின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் பொருத்த வேண்டும். டிரையரில் காசு மிச்சம்பிடிப்பது வீண் சிக்கனம்.

குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றும் வேக்குவம் பம்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி, நிறுத்திய பின்னும் மானியின் முள் நகராமல் நிற்பதைக் கண்டபிறகே, ஆர்-12 வாயுவுக்குக் குறிப்பிடப்பட்டிருந்த முழு எடையில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு வரை ஆர்-134ஏ வாயுவை நிரப்பவும். நேரு வீதி நெரிசலில் ஊரும்போது மட்டும் குளிர் குறைந்தால், கண்டென்சருக்குக் கூடுதல் மின்விசிறி பொருத்துவது அவசியம்.