நாசில் அடைத்துக்கொண்டால் ஊசியைத் தேடாதீர்கள்

ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகள் மாறுவதில்லை. எங்களைப் போன்றவர்கள் தொடக்கத்தில் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடங்களில்தான் இவர்களும் சுட்டுக்கொள்கிறார்கள். காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள், முகமூடி போடுங்கள் என்பதெல்லாம் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. நாசில், அதாவது டப்பாவின் தலையில் விரலால் அழுத்தும், பெயிண்ட் வெளிவரும் முனை, அடைத்துக்கொள்வதைப் பற்றி அதில் ஓரிரு வரிகளுக்கு மேல் இருப்பதில்லை.

ஊசியால் குத்துவது

நாசிலைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முன்பக்கம் பெரும்பாலும் ஒரு சிறிய வட்டத் துண்டு பதித்திருக்கும். அதன் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. பல நாசில்களில் அந்தத் துண்டின் உட்புறம் பெயிண்டைச் சுழற்றிவிடும் மெல்லிய வாய்க்கால்களும் உண்டு. பெயிண்ட் பனிபோலச் சீராகப் பரவுவது இவற்றால்தான். எல்லாமே பிளாஸ்டிக். அதற்குள் எஃகு ஊசியை விட்டுத் திருகினால் வட்டம் கோணிக்கொள்ளும். பிறகு பெயிண்டைக் கரைக்கும் எந்தத் தின்னராலும் அந்த நாசிலைச் சரிசெய்ய முடியாது.

போகட்டும், அடைப்பாவது நீங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. பெயிண்ட் உள்ளிருந்து வெளியே வருகிறது. ஊசி வெளியிலிருந்து உள்ளே போகிறது. காய்ந்த சில்லைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திறந்துவிட்டது என்று நினைக்கிறோம். நாலு முறை அழுத்துவதற்குள் அதே சில்லு திரும்பி வந்து துளையில் உட்காருகிறது.

என்னோடு வேலை செய்த ஓர் இளைஞர் ஓர் இரும்பு அலமாரிக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரைமர் அடித்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்த்து, கடைசிப் பூச்சுவரை வந்துவிட்டார். நாசில் அடைத்தது. சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினார்; அட்டையில் ஒரு முறை அடித்துக்கூடப் பார்க்காமல் நேரே கதவில் அடித்தார். பெயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கதவின் நட்டநடுவில் தடித்தடியாகத் தெறித்தது. அது முழுவதும் காயும்வரை காத்திருந்து, மட்டமாகத் தேய்த்து, கதவு முழுவதற்கும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. காலி டப்பாவிலிருந்து கழற்றி வைத்த நல்ல நாசில் அவருடைய பெட்டியிலேயே இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இதைவிட மோசமானது, நாசிலைக் கழற்றிவிட்டு டப்பாவின் வால்வுக்குள்ளேயே கம்பியை விடுவது. வால்வு திறந்தால் பெயிண்ட் நேராக முகத்தில் பீய்ச்சும். கம்பி வால்வைக் கெடுத்துவிட்டால் அது மூடவும் மூடாது.

செய்ய வேண்டியது இதுதான். டப்பாவை முகத்துக்கு அப்பால் திருப்பி, அழுத்தாமல் நாசிலை மெல்லத் திருகி எடுங்கள். எனாமல், லாக்கர் பெயிண்டுகளுக்கு லாக்கர் தின்னரிலோ அசிட்டோனிலோ பத்து, பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். இரவு முழுவதும் போட்டு வைத்தால் பிளாஸ்டிக் ஊதிப்போகலாம். தண்ணீர் சார்ந்த பெயிண்ட் என்றால், காய்வதற்கு முன்பே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஊறிய நாசிலை அடிப்பக்கத்திலிருந்து ஊதுங்கள்: மெல்லிய குழாய் பொருத்திய ஏதாவதொரு கிளீனர் ஸ்ப்ரே போதும். நாசிலைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணாடி அணியுங்கள். அடித்தண்டில் பிளவு இருந்தால் அங்கே படிந்த காய்ந்த பெயிண்ட் தோலைக் கத்தி முனையால் சுரண்டலாம். கை வைக்கக் கூடாதது முன்துளையில்தான். மாட்டியதும் முதல் அடி அட்டையில்.

அப்படியே மூடி வைப்பது

வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாயின் நுனி அப்போது பெயிண்டை விட்டு வெளியே வந்துவிடும். வாயு மட்டும் வந்து வால்விலும் நாசிலிலும் தங்கிய பெயிண்டை அடித்துக்கொண்டு போகும். நிறம் நின்றதும் விரலை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் சில நொடிகளே ஆகும். வீம்புக்கு அழுத்திக்கொண்டே இருந்தால் வாயு தீர்ந்து, பெயிண்ட் மட்டும் உள்ளே மிஞ்சும்.

எந்தக் கோணத்திலும் அடிக்கும்படி செய்த டப்பாக்களில் இது பலிக்காது. அவற்றுக்கு நாசிலைக் கழற்றிக் கழுவுவதே வழி.

குலுக்கும் நேரத்தைத் தவறாகக் கணக்கிடுவது

டப்பாவுக்குள் இருக்கும் கலக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகுதான் ஒரு நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். அடியில் கட்டியாகப் படிந்த நிறமி கரையாமல் மேலே வந்தால் முதலில் அடைபடுவது நாசில்.

நாசிலைத் துடைக்காமல் தொடர்வது

துணியால் துடையுங்கள், அடிக்கடி.

டப்பாவைச் சூடாக்குவது

நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. குளிரில் அழுத்தம் குறைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்திவையுங்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் டப்பா வெடிக்கும் அபாயம் உண்டு.

கடினமாக்கி கலந்த பெயிண்டை ஊறவைத்துப் பார்ப்பது

கடினமாக்கி என்பது பெயிண்டை ரசாயன முறையில் இறுகச் செய்யும் பொருள். இறுகிவிட்டால் தின்னருக்குக் கரையாது. நாசிலை எறிந்துவிடுங்கள்.

வால்வு அடைப்பை நாசில் அடைப்பு என்று நினைப்பது

அதே வகை டப்பாவிலிருந்து ஒரு நல்ல நாசிலை மாட்டிப் பாருங்கள். தண்டு நாசிலோடு வரும் வகையும் உண்டு, டப்பாவிலேயே நிற்கும் வகையும் உண்டு; ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. நல்ல நாசிலிலும் வரவில்லை என்றால் கவிழ்த்து ஒரு முறை அழுத்துங்கள். அப்போதும் ஒன்றும் வராவிட்டால் வால்வே அடைத்திருக்கிறது அல்லது வாயு தீர்ந்திருக்கிறது, அந்த டப்பாவை விட்டுவிடுங்கள். மிச்சப் பெயிண்டுக்கு ஆசைப்பட்டுத் துளை போடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் போன்ற தீப்பற்றும் வாயு.