பிக்ஸ் முடியப்போகிறதா? முதலில் ஒன்றைப் பூட்டி வையுங்கள், பிறகு தேடுங்கள்

2021இல் ஒன்றரைச் சதவீத வட்டிக்கு ஐந்து வருட பிக்ஸ், அதாவது அத்தனை வருடமும் வட்டி மாறாத வீட்டுக் கடன் டீல், எடுத்து இங்கிலாந்தில் வீடு வாங்கியவர்களுக்கு இந்த வருடம் அந்தக் காலம் முடிகிறது. அவர்கள் கையெழுத்துப் போட்ட காலத்தில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 சதவீதம். அது 2023 ஆகஸ்டில் 5.25 வரை ஏறி, பிறகு படிப்படியாக இறங்கி, 2025 டிசம்பரில் 3.75க்கு வந்தது. அந்தப் பழைய வட்டியை மறந்துவிடுங்கள். இருப்பதில் எது குறைவாகக் கடிக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் வீட்டுக் கடன் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் இல்லை. ஹேரோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் சொந்தக்காரர் யாருக்கு வங்கிக் கடிதம் வந்தாலும் "அக்கா, இதை ஒருக்கா பாருங்கோ" என்று வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். இப்போது கடன் தந்திருக்கும் வங்கியிடமே முதலில் ஒரு டீலைப் பூட்டி வையுங்கள். அதன் பிறகு ஆறுதலாக மற்ற இடங்களில் தேடுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிக்ஸ் முடிந்த மறுநாள் வங்கி உங்களைத் தன் வழக்கமான மாறும் வட்டிக்கு மாற்றிவிடும். இதைத்தான் எஸ்.வி.ஆர். என்கிறார்கள். பல வங்கிகளில் அது 7 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. லூட்டனில் வீடு வாங்கிய என் தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2021இல் 2,40,000 பவுண்ட் கடன், 25 வருடம், 1.5 சதவீதம். மாதம் 960 பவுண்ட் கட்டிவந்தான். ஐந்து வருடத்தில் கடன் ஏறத்தாழ 1,99,000க்கு இறங்கியது. மீதி 20 வருடத்துக்கு 4.5 சதவீதம் என்றால் மாதம் 1,258. எஸ்.வி.ஆர். 7.25 என்றால் 1,572. கடிதத்தைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போட்டு வைத்தால் மாதம் 314 பவுண்ட் கூடுதலாகப் போகும். எஸ்.வி.ஆரில் ஒரே ஒரு நன்மை உண்டு. எப்போது வேண்டுமானாலும் தண்டம் இல்லாமல் வெளியேறலாம். அடுத்த மாதமே வீட்டை விற்கப் போகிறவருக்கு அது சரி. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

வங்கிக் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது பிக்ஸ் முடியும் தேதியும், முன்கூட்டியே வெளியேறினால் கட்ட வேண்டிய தண்டம் எந்தத் தேதியில் தீர்கிறது என்பதும். இந்தத் தண்டத்துக்கு ஈ.ஆர்.சி. என்று பெயர். வழக்கமாக இரண்டும் ஒரே நாள்தான், ஆனாலும் பார்த்துவிடுங்கள். கடைசி வருடத்தில் அது 1 சதவீதமாக இருந்தால்கூடத் தம்பியின் கடனுக்கு 1,990 பவுண்ட். ஒரு கிழமை அவசரப்பட்டால் அவ்வளவும் போய்விடும்.

தேதி தெரிந்ததும் வங்கியின் செயலியைத் திறந்து, அதே வங்கியில் புதிய டீலுக்கு மாறும் பக்கத்தைப் பாருங்கள். பிராடக்ட் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். 2023 ஜூனில் அரசாங்கமும் பெரும்பாலான வங்கிகளும் ஒப்புக்கொண்ட மோட்கேஜ் (வீட்டுக் கடன்) சாசனத்தின்படி, ஆறு மாதம் முன்பே இப்படி ஒரு டீலைப் பதிவு செய்யலாம். அது தொடங்கும்வரை, அதே வங்கியில் அதைவிட நல்லது வந்தால் மாற்றிக்கொள்ளலாம். தவணை பாக்கி இல்லாமல் கட்டிவந்தவருக்கு வருமானப் பரிசோதனையும் கிடையாது. சம்பளச் சீட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம், வீட்டைப் பார்க்க ஆள் வரவும் வேண்டாம். சாசனத்தில் சேராத வங்கிகள் மூன்று நாலு மாதம்தான் தரலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் 2022 செப்டம்பர். 23ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் க்வாசி க்வார்டெங் மினி பட்ஜெட்டை வாசித்தார். சில நாட்களுக்குள் வங்கிகள் நூற்றுக்கணக்கான டீல்களைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. திரும்ப வந்தவை எல்லாம் ஏறிய வட்டியோடு வந்தன. முன்கூட்டியே பூட்டியிருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் படவில்லை. பிறகு வட்டி இறங்கினால் பூட்டியதை விட்டுவிட்டு வேறு எடுக்கலாம். உங்கள் பக்கம் நட்டம் இல்லை. பதிவுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கும் டீலாக இருந்தால் மட்டும் கவனம்.

பூட்டுவதற்கு முன் அந்தத் திரையில் வங்கி உங்கள் வீட்டுக்குப் போட்டிருக்கும் விலையையும் பாருங்கள். கடன், வீட்டு விலையில் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் வட்டியைத் தீர்மானிக்கிறார்கள். 60, 75, 80, 85, 90 என்று படிகள் இருக்கின்றன. தம்பி 3,00,000க்கு வாங்கியபோது 80 சதவீதப் படியில் இருந்தான். இப்போது வங்கியின் கணினி வீட்டை 3,30,000 என்று மதித்தது. கடன் 1,98,913. வகுத்தால் 60.3. ஒரு முடி அகலத்தில் 75இன் படிக்குள் விழுந்துவிட்டான். அவனுக்குக் காட்டிய வட்டி 4.62.

சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு, "சேமிப்பில் ஆயிரம் பவுண்ட் இருக்கா?" என்று கேட்டேன். பெரும்பாலான பிக்ஸ்களில் வருடத்துக்குக் கடனில் 10 சதவீதம்வரை தண்டம் இல்லாமல் மேலதிகமாகக் கட்டலாம். அவன் ஆயிரத்தைக் கட்டினான். கடன் 1,98,000க்குக் கீழே போய், கணக்கில் பதிவானதும் அதே பக்கத்தைத் திரும்பத் திறந்தால் 60 படியின் டீல்கள் வந்தன. வட்டி 4.5. வருடத்துக்கு 230 பவுண்ட்டுக்கு மேல் மிச்சம், கட்டிய ஆயிரமும் கடனில்தான் கழிந்திருக்கிறது. வங்கி போட்ட விலை குறைவு என்று நினைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். உங்கள் தெருவில் விற்ற வீடுகளின் விலை நிலப் பதிவேட்டின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அண்மையில் விற்ற, உங்கள் வீட்டைப் போன்ற இரண்டு மூன்றைக் காட்டிக் கேளுங்கள்.

சரி, ஒன்றைப் பூட்டியாகிவிட்டது. இனி வெளியே தேடலாம். வேறு வங்கிக்கு மாறுவதுதான் ரிமோட்கேஜ். இதில் வருமானப் பரிசோதனை முழுதாக உண்டு. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருடச் சம்பளமும் வரியும் காட்டும் பி60. சொந்தத் தொழில் என்றால் பெரும்பாலும் இரண்டு வருட எஸ்ஏ302, அதாவது வரிக் கணக்குச் சுருக்கம். பல வங்கிகள் வீட்டு மதிப்பீட்டையும் வக்கீல் செலவையும் தாங்களே ஏற்கின்றன. ஒன்று முதல் இரண்டு மாதம் எடுக்கும் என்று வையுங்கள்.

எங்கள் ஆட்கள் சிக்கிக்கொள்வது கணக்கு அறிக்கையில்தான். சீட்டுக்கு மாதாமாதம் போகும் 500 பவுண்ட், சீட்டு விழுந்த மாதம் யாரோ ஒருவரிடமிருந்து வந்த பதினையாயிரம், ஊருக்கு அனுப்பிய காசு, மச்சானுக்குக் கைமாற்று. எதிலும் குற்றம் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சீட்டு என்றால் என்னவென்று தெரியாது. மாதாமாதம் போவதை அவர் கடன் தவணை என்று எடுத்துக்கொள்வார். கேட்பதற்கு முன்பே புரோக்கரிடம் சொல்லி, ஒரு பக்க விளக்கம் எழுதி வையுங்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்குச் சில வங்கிகள் கடன் தருவதில்லை, சில வங்கிகள் கூடுதல் நிபந்தனை போடும். நிரந்தர வதிவிடம் வரும்வரை பழைய வங்கியிலேயே மாறிக்கொள்வது பல நேரங்களில் லேசு. இன்னொன்று, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கடன் பதிவு பலமாகும். பிரித்தானியக் குடியுரிமை இல்லையே என்று பலர் பதியாமல் இருக்கிறார்கள். இலங்கை, இந்தியக் குடிமக்கள் பொதுநலவாய நாட்டவர். முறையான விசா இருந்தால் பதியலாம்.

அடுக்குமாடி வீடு என்றால் குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம் என்று பாருங்கள். 80 வருடத்துக்குக் கீழே போனால் வங்கிகள் பின்வாங்கத் தொடங்கும். உயரமான கட்டடம் என்றால் வெளிச்சுவரின் தீப் பாதுகாப்பு பற்றிய இ.டபிள்யூ.எஸ்.1 படிவம் கேட்கலாம். அது இல்லாதபோதும் பழைய வங்கிதான் வழி.

புரோக்கரைப் பொறுத்தவரை, முழுச் சந்தையையும் பார்ப்பவரா, உங்களிடம் கட்டணம் வாங்குவாரா என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். வங்கி அவருக்குக் கமிஷன் தருகிறது, அதனால் பலர் உங்களிடம் எதுவும் வாங்குவதில்லை. நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ.வின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. கோயிலில் தெரிந்தவர் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். ஆயுள் காப்புறுதியையும் கூடவே எடுக்கச் சொல்லி வற்புறுத்தினால், கட்டாயம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக வங்கி கேட்பது கட்டடக் காப்புறுதியை மட்டும்.

இப்போது ஆட்கள் வழமையாகக் கவனிக்காத இடம். வட்டி குறைவாகத் தெரியும் டீல்களில் பலவற்றுக்கு 999, சில நேரம் 1,499 பவுண்ட் கட்டணம் உண்டு. 4.3 சதவீதம் ஆனால் 999 கட்டணம், 4.5 சதவீதம் ஆனால் கட்டணம் இல்லை. எது நல்லது? தம்பியின் கடனுக்கு 0.2 சதவீத வித்தியாசம் இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 780 பவுண்ட். கட்டணம் அதைவிட அதிகம், ஆகவே இரண்டு வருட டீல் என்றால் 4.5தான் மலிவு. ஐந்து வருடம் என்றால் மிச்சம் 1,800ஐத் தாண்டும், அப்போது 4.3. கடன் 80,000 மட்டும் உள்ளவருக்கு ஐந்து வருடத்திலும் கட்டணம் மீளாது. கட்டணத்தைக் கடனோடு சேர்த்துவிடு என்று திரையில் ஒரு பெட்டி வரும். சேர்த்தால் அதற்கும் கடன் முடியும்வரை வட்டி ஓடும். பழைய வங்கி கணக்கை மூட வாங்கும் சிறு கட்டணத்தையும் கணக்கில் போடுங்கள்.

இரண்டு வருடமா ஐந்து வருடமா என்று கேட்பவர்களிடம், வட்டி எங்கே போகும் என்று யோசிக்காதீர்கள், நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள் என்று யோசியுங்கள் என்பேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வீடு மாறும் எண்ணம் இருந்தால் இரண்டு. மாதச் செலவு அசையாமல் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றால் ஐந்து. டிராக்கர் என்ற வகை டீலின் வட்டி, இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டியோடு ஏறி இறங்கும். பலவற்றில் தண்டம் இல்லை. மாதம் 300 பவுண்ட் கூடினாலும் சமாளிக்கக்கூடியவர்களுக்கு மட்டும் அது. கையில் நாற்பது ஐம்பதாயிரம் சேமிப்பு சும்மா இருப்பவர்கள், அதைக் கடனுக்கு எதிராக வைத்து, மீதிக்கு மட்டும் வட்டி கட்டும் ஆஃப்செட் கணக்கையும் விசாரிக்கலாம்.

மாதம் 1,258 கட்ட முடியாது என்றால்? காலத்தை 20இலிருந்து 25 வருடமாக நீட்டினால் தவணை 1,106க்கு இறங்கும். ஆனால் அதே வட்டி கடைசிவரை இருந்தால் மொத்த வட்டி கிட்டத்தட்ட 30,000 பவுண்ட் கூடும். வேறு வழி இல்லாதபோது நீட்டுங்கள், நிலைமை தேறியதும் மேலதிகமாகக் கட்டி ஈடுசெய்யுங்கள். சாசனத்தின் கீழ் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடும் உண்டு. அதற்கு வருமானப் பரிசோதனையும் இல்லை, கடன் பதிவில் கறுப்பும் விழாது. ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கியை அழையுங்கள். தவறிவிட்டால் ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள் இரண்டிலும் இலவசமாகப் பேசலாம். வெட்கப்பட்டுக் கடன் அட்டையில் தவணை கட்டுவது மட்டும் வேண்டாம்.

டீல் மாறும் நேரத்தில் கூடுதலாகக் கடன் எடுத்து மாடி கட்டலாம், கலியாணச் செலவைத் தீர்க்கலாம் என்று ஆசை வரும். மாடிக்குச் சரி, வீட்டு விலை ஏறும். கார்க் கடனையும் கடன் அட்டையையும் வீட்டின்மீது ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாலு வருடத்தில் முடியும் கடன் இருபது வருடத்துக்கு இழுபடும், கட்டத் தவறினால் வீடே ஈடு.

வெளியே கிடைத்ததுதான் மலிவு என்று முடிவு செய்தால், ஈ.ஆர்.சி. தீர்ந்த மறுநாள் பணம் மாறும்படி வக்கீலிடம் எழுத்தில் சொல்லுங்கள். பூட்டி வைத்த பழைய வங்கியின் டீலை, அது தொடங்குவதற்கு முன் ரத்துச் செய்யுங்கள். தொடங்கிவிட்டால் புதிய தண்டம் ஒட்டிக்கொள்ளும். புதிய வங்கியின் முதல் தவணை சொன்னதைவிடக் கூடுதலாக வந்தால் பதறாதீர்கள். மாதத்தின் நடுவில் மாறிய நாட்களின் வட்டியையும் அதில் சேர்த்திருப்பார்கள். மேலதிகமாகக் கட்ட நீங்கள் போட்டிருந்த மாதாந்தக் கட்டளை பழைய கணக்கு எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும், அதை அன்றே நிறுத்திவிடுங்கள்.