முதல் கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

வீட்டிலேயே முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கும்: மாட்டும்போது எதையாவது உடைத்துவிடுவோமோ என்று. நான் பார்த்தவரை உடைவது குறைவு. பொருட்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, பட்டியல் போடும்போதே பெரும்பாலான தவறுகள் நடந்து முடிந்துவிடுகின்றன.

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு கடையின் கொட்டேஷனை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மாடல் எண்ணோடு இருந்தன. கீழே, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியைப் பற்றி ஒரு வரி: "எஸ்எம்பிஎஸ் 500 வாட்". கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை. அந்த ஒரு வரியைப் பற்றி அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மிச்சம் பிடிக்க நினைக்கும் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான்.

எஸ்எம்பிஎஸ், எர்த், யுபிஎஸ்

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றி எல்லா பாகங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். ராம் கெட்டால் ராம் மட்டும் போகும். எஸ்எம்பிஎஸ் மோசமாகக் கெட்டால், எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டையும் (சுருக்கமாக போர்டு) கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. அதனால் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ் மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்றால் 300 வாட். வெளியே 500 என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு உண்மையில் பயன்படுவது அந்த 300தான்.

'80 பிளஸ்' முத்திரையை நம்பி வாங்குவதும் ஒரு பொதுவான குழப்பம். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகாமல் உள்ளே போய்ச் சேருகிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஷார்ட் ஆனால் தானாக அணையுமா, எத்தனை வருடம் உழைக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. கம்பெனி தரும் வாரண்டி ஓரளவு நல்ல அடையாளம்: ஐந்து, ஏழு, பத்து வருடம் தருகிறவர்கள் தங்கள் பொருளை நம்பித்தான் தருகிறார்கள். அதற்காக அளவுக்கு மீறியும் போக வேண்டாம். 65 வாட் ரகத்தைச் சேர்ந்த ரைசன் 5 5600 பிராசஸர், 115 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்ற ஜோடிக்கு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். 850 வாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரிய எஸ்எஸ்டி வாங்கலாம்.

கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. ஒன்றின் கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. துளையில் சரியாகப் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துபோன கதைகள் நிறைய உண்டு. நண்பர் வீட்டில் கிடக்கிற உபரி கேபிளைக் கடன் வாங்காதீர்கள்.

அப்புறம் எர்த். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பெரிய துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. அங்கே கம்ப்யூட்டரைப் போட்டால் கேபினெட்டைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசிய விடும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்பதால் வரும் உணர்வு அது. "எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரைத் தயவுசெய்து போடாதீர்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ (வோல்ட் ஆம்பியர்) என்பதை வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். விளையாடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையா, அதாவது சுவர் மின்சாரம் போலவே சீரான அலையாகத் தருவதா என்று கேளுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் சில புதிய எஸ்எம்பிஎஸ்கள் அணைந்துவிடும்.

பொருந்துமா என்று பார்க்காமல் வாங்குவது

ஏஎம்4, ஏஎம்5 என்பவை போர்டில் ஏஎம்டி பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர்கள். ஏஎம்4 போர்டில் ஏஎம்5 பிராசஸர் உட்காராது. டிடிஆர்4 துளையில் டிடிஆர்5 ராம் இறங்காது. இது பலருக்குத் தெரியும். ஆனால் இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், கடைசி எழுத்துகளைப் பார்க்காவிட்டால் மாட்டிக்கொள்வோம். இன்னொன்று, சாக்கெட் பொருந்தினாலும் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழையதாக இருக்கலாம். பி450 என்ற ஏஎம்4 போர்டு வந்தபோது ரைசன் 5000 வரிசையே கிடையாது. பயாஸை அப்டேட் செய்யாமல் அதில் 5600ஐ மாட்டினால் திரையில் ஒன்றும் வராது. கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லிவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600இல் இல்லை, 5600ஜியில் உண்டு. இது தெரியாமல் வாங்கிவிட்டு, கார்டுக்குப் பணம் சேரும்வரை பெட்டியை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க நேரும்.

கேபினெட்டை அழகு பார்த்து வாங்குகிறோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே விளக்குகள். காற்று எங்கிருந்து உள்ளே வரும்? ஏசி இல்லாத அறையில், மே மாத மதியத்தில், அறையின் சூடு ஏறுகிற அளவுக்கு ஏறக்குறைய பிராசஸரின் சூடும் ஏறும். நம் ஊர் வெயிலுக்கு முன்பக்கம் வலை வைத்த கேபினெட்தான் சரி, தூசு வடிகட்டியும் இருக்க வேண்டும். கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

வாங்கும் இடத்தில்

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ, ஆன்லைனிலோ, எங்கே வாங்கினாலும் சரி, பில் வேண்டும். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. "பில் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு அதனால்தான் இனிக்கிறது. இரண்டாவது வருடத்தில் போர்டு இறந்தால் அந்த மிச்சம் போதாது. ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும், இந்தியாவில் வாரண்டி உண்டா என்றும் கேளுங்கள்.

மாதம் ஒரு பாகமாகச் சேர்ப்பதும் ஆபத்து. மார்ச்சில் வாங்கிய போர்டில் கோளாறு இருப்பது ஆகஸ்டில்தான் தெரியவரும். மாற்றித் தரும் அவகாசம் அதற்குள் முடிந்திருக்கும். பணத்தைச் சேர்த்து வைத்து ஒரே வாரத்தில் வாங்கி, அந்த வாரமே ஓட்டிப் பாருங்கள்.

மாட்டும் நாள்

இங்கே தவறுகள் சின்னவை, ஆனால் மனதைச் சோர்வடையச் செய்பவை. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது. போர்டின் பின்பக்கத் தகட்டை (யுஎஸ்பி போன்ற துளைகளைச் சுற்றி கேபினெட்டில் பொருத்துவது) மறந்து, எல்லாவற்றையும் முடுக்கிய பிறகு மீண்டும் கழற்றுவது. நான்கு துளைகள் உள்ள போர்டில் இரண்டு ராமையும் பக்கத்துப் பக்கத்தில் செருகுவது (பிராசஸரிலிருந்து எண்ணினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டாவதும் நான்காவதும்தான் சரி). பிராசஸருக்கான தனி மின் கேபிளை மறப்பது. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகுவது. போர்டோடு வரும் கையேட்டில் இவை எல்லாம் படத்தோடு இருக்கும், முந்தைய நாள் இரவே படித்துவிடுங்கள். இன்டெல், ஏஎம்5 போர்டுகளில் சாக்கெட்டை மூடியிருக்கும் கறுப்பு மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும் நாளில் அந்த மெல்லிய பின்களைக் காப்பது அதுதான்.

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். டிடிஆர்5 ராம் என்றால் முதல்முறை அதைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளப் போர்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடமாகியும் ஒன்றும் வராவிட்டால் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் செருகிப் பாருங்கள். படம் வந்ததும் பயாஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பான எக்ஸ்எம்பியை, ஏஎம்டி என்றால் எக்ஸ்போவை, இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000 வேகம் என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 4800லேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் போட்டு முடித்த பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் பல வீடுகளில் இன்னமும் 60இல்தான் நிற்கிறது.