எலுமிச்சையில் சொறி நோய்: மழைக்கு முன்பே கவாத்து

இலையின் இருபுறமும் தக்கை போலச் சொரசொரப்பான புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். இதுதான் சொறி நோய். காரணம் சாந்தோமோனாஸ் பாக்டீரியா, பூஞ்சை அல்ல. அதனால் பூஞ்சைக்கொல்லியான கார்பண்டாசிம் அடிப்பது வீண்செலவு.

பழைய புண் நனைந்ததும் கிருமி கசியும். காற்றோடு வரும் மழைச்சாரல் அதை இளந்தளிரில் சேர்க்கும். இலையின் சுவாசத் துளை வழியாகவோ, முள் கீறிய காயம் வழியாகவோ உள்ளே போகும். 20 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்குத் தோது. இலைத்துளைப்பான் புழு குடைந்த இலை என்றால் திறந்த வாசல்தான். தளிர் விடும்போது 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்துப் புழுவை அடக்குங்கள்.

மழைக்காலத்துக்கு முன், காய்ந்த நாளில், நோயுற்ற கிளைகளை வெட்டி எரியுங்கள். ஈரத்தில் வெட்டினால் கத்தரிக்கோலே நோயைப் பரப்பும்.

பிறகு 1 சத போர்டோ கலவை: மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 100 கிராம் 5 லிட்டர் நீரில், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் வேறு 5 லிட்டரில். பிளாஸ்டிக் வாளியே வேண்டும். துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக்கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் தளிர் கருகும். வடிகட்டி அன்றே தெளியுங்கள். ஒவ்வொரு தளிர்ப்பருவத்திலும் மறுபடி தெளிக்க வேண்டும். ஏற்கெனவே விழுந்த புண்ணைச் செம்பு ஆற்றாது.