புழுவெட்டு வந்தால் செய்யக்கூடாதவை

தலை சீவும்போது காசு அளவுக்கு ஒரு இடம் வெறுமையாகத் தெரிகிறது. தொட்டுப் பார்த்தால் உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருக்கிறது, வலி இல்லை, பெரிதாக அரிப்பும் இல்லை. பெரும்பாலும் அது புழுவெட்டுதான், மருத்துவர்கள் அலோபீசியா ஏரியேட்டா என்பார்கள். முதல் தவறு அந்தத் தமிழ்ப் பெயரிலேயே இருக்கிறது. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்கள், குறிப்பாக டி செல்கள், வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேரை எதிரி என்று நினைத்துச் சூழ்ந்துகொள்கின்றன, முடி உதிர்ந்துவிடுகிறது. ஆனால் வேர் சாவதில்லை. தூங்குகிறது, அவ்வளவுதான்.

பூச்சி என்று நம்புகிறவர்கள் அதைக் கொல்லப் பார்க்கிறார்கள். பச்சைப் பூண்டை அரக்கித் தேய்ப்பது, தோல் சிவக்கும்வரை சுரண்டுவது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. தயவுசெய்து வேண்டாம். பூண்டுச் சாறு தோலை வேகவைத்துக் கொப்புளம் போட வைக்கும், புண் ஆழமாகிவிட்டால் தழும்பு விழும், தழும்பில் முடி முளைக்காது. உயிரோடு இருந்த வேரை நாமே கொன்றதாகிவிடும். "எனக்குத் தேய்த்துத்தானே வளர்ந்தது" என்று யாராவது சொல்வார்கள், பொய் சொல்லவில்லை, ஆனால் ஒன்றிரண்டு சின்னத் திட்டு மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் எதுவும் செய்யாமலே முடி திரும்பிவிடும், அந்த நேரத்தில் எதைத் தேய்த்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது, எல்லா வட்டத் திட்டையும் புழுவெட்டு என்று நாமே முடிவு செய்வது. குழந்தைகள் விஷயத்தில் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். திட்டில் செதில் உதிர்ந்தால், அரித்தால், முடி பாதியில் ஒடிந்து கரும்புள்ளியாக நின்றால் அது படர்தாமரை மாதிரியான பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மாத்திரை பல வாரம் வேண்டும், அது மற்றவர்களுக்கும் பரவும். அதன்மேல் ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் பூஞ்சை இன்னும் நன்றாக வளரும். புழுவெட்டு யாருக்கும் ஒட்டாது. அதன் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் குட்டையான முடிகள் நிற்கும், நுனி தடிமன், அடி மெலிசு, ஆச்சரியக்குறி மாதிரியே. தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துத் தேடுவது இதைத்தான்.

சரி, மொட்டை அடித்தால்? பிரச்சினை தோலுக்கு அடியில், மேலே என்ன மழித்தாலும் அங்கே ஒன்றும் மாறாது. திட்டு தெரியாமல் இருக்க அடித்துக்கொள்வதென்றால் தாராளமாக.

சிகிச்சையை ஆரம்பித்து நடுவில் விடுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். சின்னத் திட்டுகளுக்குப் பெரியவர்களிடம் அதிகம் பயன்படுவது ட்ரயாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மெல்லிய ஊசியால் திட்டுக்குள் அங்கங்கே சொட்டுச் சொட்டாகப் போடுவார்கள், சுருக்கென்று இருக்கும், பிறகு 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி. ஒரு தடவை போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று கைவிடாதீர்கள். அதே சமயம் நீங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பாதிக்கும்.

திட்டுகள் வேகமாகச் சேர்ந்துகொண்டே போனால், பின்னந்தலையில் காதிலிருந்து காதுவரை பட்டையாக வந்தால், புருவமும் இமையும் கொட்டினால் காத்திருக்க வேண்டாம். நகத்தையும் பாருங்கள், ஊசியால் குத்தினாற்போல் சின்னக் குழிகள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு கோளாறு, வெண்படை சிலருக்குக் கூடவே வருவதுண்டு. தீவிரமான நிலைக்கு இப்போது மருந்து இருக்கிறது: பாரிசிட்டினிப் மாத்திரைக்குப் பெரியவர்களுக்காக 2022 ஜூனிலும், ரிட்லெசிட்டினிப்புக்கு 12 வயது முதல் 2023 ஜூனிலும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இவை எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறவை, காசநோய், கல்லீரல் பரிசோதனை செய்யாமல் தொடக்கூடாது, நிறுத்தினால் முடி மறுபடி கொட்டலாம் என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"டென்ஷன் ஆகாதே, அதனால்தான் வருகிறது" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். முடி போன துக்கத்தோடு அது தன் தவறு என்ற பாரமும் சேர்ந்துகொள்ளும். குழந்தை என்றால் வகுப்பு ஆசிரியரிடம் ஒட்டாத நோய் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், தொப்பி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

அப்புறம் ஒரு நாள் திட்டின் நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளை முடி எட்டிப் பார்க்கும். நரைத்துவிட்டதே என்று பிடுங்கிவிடாதீர்கள், நிறம் பெரும்பாலும் பிறகு வந்து சேரும்.