நியூயார்க்ல ஹனுக்கா விளக்கேத்துறதைப் பார்க்கப் போறீங்களா?

ஹனுக்கா யூதர்களோட எட்டு நாள் விளக்குத் திருவிழா, டிசம்பர்ல அந்த நாட்கள்ல நியூயார்க்ல இருந்தீங்கன்னா சாயங்காலம் மென்ஹாட்டன்ல ஃபிப்த் அவென்யூ, 59வது தெரு முனைக்குப் போய்ப் பாருங்க, முப்பது அடிக்கு மேல உசரமான மெனோராவை, அதாவது பல கிளை வச்ச விளக்கை, கிரேன் லிப்ட்ல ஏறிப்போய் ஏத்துவாங்க, பாட்டு டான்ஸ்னு அந்த இடமே களைகட்டும், யூதரா இல்லாட்டியும் தாராளமா போகலாம், டிக்கெட்லாம் கிடையாது.

ஒண்ணு மட்டும் கவனிங்க. அந்த இடத்துக்குப் பேரு கிராண்ட் ஆர்மி பிளாசா, அதே பேர்ல புரூக்ளின்லயும் ஒரு இடம் இருக்கு, அங்கயும் பெரிய மெனோரா வைப்பாங்க, அதனால ஃப்ரெண்ட்ஸ வரச் சொல்றப்ப எந்த பிளாசான்னு தெளிவா சொல்லிடுங்க.

அப்புறம் நேரம். வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள சபாத், அதாவது யூதர்களோட வாராந்திர ஓய்வு நாள், ஆரம்பிச்சிரும், அதுக்கப்புறம் நெருப்பு பத்தவைக்க மாட்டாங்க, அதனால அன்னைக்கு மதியத்துக்கு மேல சீக்கிரமே ஏத்திடுவாங்க, சனிக்கிழமைன்னா நல்லா இருட்டினப்புறம்தான். 2026ல முதல் நாளே டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை வருது, ஆபீஸ் முடிச்சிட்டுப் போனா கண்டிப்பா மிஸ் ஆயிடும்.

சூடா லாட்கே குடுத்தா விடாதீங்க, உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெய்ல பொரிச்சது, அந்தக் குளிருக்கு அவ்ளோ நல்லா இருக்கும். நாளுக்கு ஒரு விளக்கா கூட்டிக்கிட்டே போறதால எட்டாவது ராத்திரிதான் எல்லா விளக்கும் எரியும், ஒரு நாள்தான் போக முடியும்னா அன்னைக்கே போங்க. கையுறை, குல்லா மறக்காதீங்க!